நால்வர் ஆண்ட நகரத்தில் அரைமணி நேரம்

திங்கட்கிழமை காலை ஜெயசுதன் போனில் கூப்பிட்டதிலிருந்து ஏர்னெஸ்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பத் தோன்றியது. எழும்பினால் படலை வரை போகத் தோன்றியது. படலைக்குப் போன பிறகு எதற்கு வந்தோம் என்று தெரியாமல், ஏற்கெனவே பூட்டியிருந்த அதை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஜெயசுதன் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறவர். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சேர்ச் மண்டபத்தில் வாசகர் வட்டத்தைக் கூட்டுகிறவரும் அவர்தான். இந்த மாதப் பேச்சு ஏர்னெஸ்டினுடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மனியை ஆள்வதில் நேச நாடுகள் ஏன் பிணக்குப்பட்டன என்பது பொருள்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேட ஆள் வாறார்," என்றார் ஜெயசுதன். "பேர்லினிலை நாப்பது வருசமா இருக்கிறவராம். பேர் சண்முகநாதன். தாயின்ரை காணி அலுவலா வந்து நிக்கிறார். பேஸ்புக்கிலை எங்கடை நோட்டீசைப் பாத்திட்டு எனக்கு எடுத்தவர். உங்களைத் தெரியுமாம்."

"ஓம், தெரியும்," என்றார் ஏர்னெஸ்ட். குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மருதனார்மடச் சந்தியில் ஏர்னெஸ்டுக்குப் பெயர் "பேர்லின்". கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒருவரும் அவரைக் கிளாக்கர் என்று கூப்பிட்டதில்லை. மரக்கறி விற்கிற மனுசி கூட "பேர்லின் ஐயா, நல்ல கத்தரிக்காய் வந்திருக்கு" என்றுதான் கூப்பிடுவாள். இத்தனைக்கும் பேர்லின் என்று ஒரு நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிற மனிதர்களில் அந்த நகரத்தில் ஆகக் குறைந்த நேரம் நின்றவர் அவராகத்தான் இருக்க வேண்டும். சரியாக அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்று அவர் ஊருக்குச் சொன்னது பொய். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அந்தப் பொய்யைத் தவிர வேறொன்றும் அந்தக் கிழமை முழுவதும் அவருடைய மண்டைக்குள் இருக்கவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து, மே மாதம். ஏர்னெஸ்ட் அப்போது இருபத்து மூன்று வயதுப் பொடியன். சண்முகநாதனும் அவனும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இராணுவம் பிடித்துக்கொண்டு போகும் என்று ஊரில் பொடியன்கள் இருக்க முடியாத காலம். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்குப் பறந்து, அங்கிருந்து ரயில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்கிவிட்டால் போதும் என்று போனவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியே இரண்டு பேரும் போனார்கள். கிழக்கின் கடைசி நிலையத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை குத்தினான். ரயில் நகரைப் பிரித்த மதிலைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் மேற்கில் ஒரு பெரிய நிலையத்தில் நின்றது. இறங்கினார்கள்.

அங்கே ஒருவரும் இல்லை. சனம் இருந்தது, வேண்டிய அளவு இருந்தது. ஆனால் பாஸ்போர்ட்டைப் பார்க்க ஒருவரும் இல்லை. மேசை இல்லை, கூடு இல்லை, தொப்பி போட்ட ஒரு மனிதன் இல்லை. சண்முகநாதன் சிரித்தான். "வந்திட்டமடா!" என்றான். ஏர்னெஸ்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய தகப்பன் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். முத்திரை இல்லாத கடதாசி கடதாசியே இல்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடு. ஒரு நாட்டுக்குள் யாரிடமும் கேட்காமல் கால் வைப்பது கள்ளர் செய்கிற வேலையாக அவனுக்குப் பட்டது. நா வறண்டது. "தண்ணி விடாய்க்குதடா," என்றான். சண்முகநாதன் பெட்டியை அவனிடம் பார்க்கச் சொல்லிவிட்டுக் குடிக்க ஏதாவது வாங்கப் போனான்.

ஏர்னெஸ்ட் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தான். வெளியேறிய முத்திரை இருந்தது. உள்ளே வந்த முத்திரை இல்லை. எங்கோ பிழை விட்டுவிட்டோம், முத்திரை குத்துகிற இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம், பின்னர் பிடித்தால் என்ன சொல்வது என்று தாள்களை மறுபடி மறுபடி புரட்டினான். எதிர்ப்பக்கம் ஒரு ரயில் வந்து நின்றது. சண்முகநாதனுடைய பெட்டியை ஒரு தூணோடு சாய்த்து வைத்துவிட்டு அவன் அதில் ஏறினான். கிழக்கின் கடைசி நிலையத்துக்கே திரும்பிப் போய், அதே கண்ணாடிக் கூட்டுக்கு முன்னால் நின்று, மேற்குக்குள் போகிற முத்திரையை எங்கே எடுப்பது என்று மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டான்.

அவனை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தான், கூடவே இருந்த திரும்பிப் போகும் விமானச் சீட்டையும் பார்த்தான். ஊர் திரும்புகிற பயணி என்று நினைத்துவிட்டான். தாளைப் புரட்டி ஒரு முத்திரை குத்தினான், இன்னொன்று குத்தினான், விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸைக் கையால் காட்டினான். முத்திரை குத்தித் தருகிற மனிதனை ஏர்னெஸ்ட் வாழ்க்கையில் ஒருநாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை. பஸ்ஸில் ஏறினான். ஏறியிருந்தபோது மனதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் அவன் பின்னாளில் ஆகக் கூடுதலாக வெறுத்தான்.

ஊருக்கு வந்து இதை எப்படிச் சொல்வது? ஆலாய்ப் பறந்து அனுப்பி வைத்த தாயிடம், முத்திரை கேட்கத் திரும்பிப் போனேன் என்று சொல்ல முடியுமா? "இறங்கின இடத்திலை பொலிஸ் பிடிச்சுப்போட்டாங்கள்," என்றான். "அப்ப சண்முகம்?" என்று தாய் கேட்டாள். "அவன் போயிட்டான்," என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. மிச்சத்தைத் தாய் தானாகவே கட்டிக்கொண்டாள். சண்முகநாதன் வீட்டுப் படலையில் போய் நின்று, அவனுடைய தாய் குணலட்சுமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உன்ரை பிள்ளை என்ரை பிள்ளையைப் பொலிசிட்டை விட்டிட்டு ஓடினவன்" என்று அந்தக் குறுகிய ஒழுங்கைத் தெருச் சனம் எல்லாம் கேட்கக் கத்திவிட்டு வந்தாள். ஏர்னெஸ்ட் வீட்டுக்குள் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்தில் கிழக்குக்காரர் அந்த வழியை எங்கள் ஆட்களுக்கு அடைத்துவிட்டார்கள். சண்முகநாதனிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. ஒன்றுக்கும் பதில் போகவில்லை.

ஆனால் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. ஏன் அங்கே ஒருவரும் இல்லை? ஒரு பக்கம் மதில், முட்கம்பி, துவக்கு. மறுபக்கம் ஒரு மேசை கூட இல்லை. உலகத்தில் எந்த எல்லை அப்படி இருக்கும்? அதற்காகவே அவர் ஜேர்மனியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். போர், இடம்பெயர்வு, திரும்பி வருதல் எல்லாவற்றுக்கும் நடுவில் வாசித்தார். கடைசியில், சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்த இரண்டொரு வருடத்தில், கல்லூரி நூலகத்தில் பூச்சி அரித்த ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் விடை இருந்தது. சந்தோசப்பட்டிருக்க வேண்டிய மனிதர் புத்தகத்தைச் சட்டென்று மூடினார். எல்லையில் பொலிஸ் நிற்கவில்லை என்று புத்தகமே அச்சில் சொல்லியது. அவருடைய பொய்யை எவராவது ஒழுங்காகப் படித்தவர் ஒரு நிமிடம் யோசித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

அதனால் அவர் எங்கே பேசினாலும் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு ஜேர்மனி பிறந்தது, நன்றி, வணக்கம். பேர்லினைப் பற்றி யாரும் மேலே கேட்டால் இருமல் வரும்.

அவருடைய மனைவி நவமணி ஓய்வு பெற்ற கணித ரீச்சர். மாமியார் சொன்ன கதையை அப்படியே நம்பியவர். சண்முகநாதன் வருகிறார் என்று அறிந்ததும் அரிவாளையும் வெங்காயத்தையும் அப்படியே விட்டுவிட்டு எழும்பினார்.

"வரட்டும். நல்லா வரட்டும்," என்றார். "உங்கடை பேச்சு முடியட்டும், நான் எழும்பிக் கேக்கிறன். உந்த மனுசனை எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறன், கூடப்போனவனை ஏன் விட்டிட்டு ஓடினனீர் எண்டு."

"நவம், உது பழைய கதை..."

"உங்களுக்குப் பழைய கதை. நீங்கள் நித்திரையிலை எத்தினை நாள் அந்த ரெயிலைப் பற்றிப் புலம்பினனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் நல்ல மனுசன், கேக்க மாட்டியள். நான் கேப்பன்."

நல்ல மனுசன் என்ற சொல் ஏர்னெஸ்டைப் போட்டுக் குத்தியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் நவமணியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் முப்பத்து நாலு வருடம் நவமணி மதித்த புருசன் இல்லாமல் போவான். சொல்லாவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத ஒருவன் ஊர் நடுவில் தலைகுனிந்து நிற்பான்.

செவ்வாய்க்கிழமை "நவம், ஒரு விசயம்" என்று தொடங்கினார். "தேத்தண்ணி ஆறுது, முதல் குடியுங்கோ" என்றார் நவமணி. குடித்தார். விசயமும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. புதன்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய், வீட்டில் பிடி பிடியாகக் கட்டித் தொங்குகிற வெங்காயம் போதாதென்று இன்னும் இரண்டு கிலோ வாங்கிவந்து பேச்சு வாங்கினார். வியாழக்கிழமை இரண்டு தடவை சவரம் செய்தார். வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று படுத்தார். நவமணி வாய்க்குள் தேமாமீற்றரை வைத்து, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பள்ளிக்கூடப் பிள்ளையள் கூட இதைவிட நல்லா நடிக்குங்கள்," என்றார். மேடைப் பயம் என்று நினைத்து அன்றைக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார். அந்தக் குழம்பைச் சாப்பிடச் சாப்பிட ஏர்னெஸ்டுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டபத்தில் முப்பது பேர் அளவில் இருந்தார்கள். சண்முகநாதன் கடைசி வரிசையில், வாசலோடு இருந்தார். தலை முழுவதும் நரைத்து, தடித்த கண்ணாடியோடு. ஏர்னெஸ்டைக் கண்டதும் எழும்ப முயன்று, பிறகு யோசித்து இருந்துவிட்டார். நவமணி முதல் வரிசையில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு.

ஏர்னெஸ்ட் கரும்பலகையில் நாலு கட்டம் கீறினார். கோடு கோணிப் போனதால் பிரான்ஸுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான காணி கிடைத்தது. சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பேச்சு பிடித்துக்கொண்டது.

அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யா. நாலு தளபதிகள், ஒரு சபை. எந்தத் தீர்மானமும் நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஜேர்மனி முழுவதற்கும் செல்லும். ஒருவர் மாட்டேன் என்றால் முடிந்தது. முதலில் மாட்டேன் என்றது ரஷ்யா என்றுதானே நினைக்கிறீர்கள்? பிரான்ஸ். ரயிலுக்கும் தபாலுக்கும் நிதிக்கும் ஒரு பொது நிர்வாகம் வேண்டும் என்று மற்ற மூவரும் மாநாட்டில் பேசி முடித்திருந்தார்கள். அந்த மாநாட்டுக்கு பிரான்ஸைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக் கலியாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று சொல்கிற மாமன் மாதிரி பிரான்ஸ் எல்லாவற்றையும் மறித்தது. ரஷ்யாவுக்குத் தன் நாடு எரிந்ததற்கு நட்டஈடாகத் தொழிற்சாலைகளைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். பிரித்தானியாவின் பங்கில் தொழிற்சாலை உண்டு, சோறு இல்லை. தோற்றவனுக்குச் சாப்பாடு போடத் தன் சனத்தின் கோதுமைப் பாணைப் பங்கீடு செய்ய வேண்டி வந்தது. கழற்றிக் கொடுப்பதை அமெரிக்கா நாற்பத்தாறில் நிறுத்தியது, அடுத்த வருடம் பிரித்தானியாவோடு பங்கைச் சேர்த்துக்கொண்டது. நாற்பத்தெட்டு மார்ச்சில் ரஷ்யத் தளபதி சபையை விட்டு எழும்பிப் போனார். மேற்கில் புதுக் காசு வந்தது, ரஷ்யா பேர்லினுக்குப் போகிற வழிகளை மறித்தது, ஒரு வருடம் அளவில் விமானத்தில் மாவும் நிலக்கரியும் போயின. நாற்பத்தொன்பதில் இரண்டு ஜேர்மனி.

"நன்றி, வணக்கம்," என்றார் ஏர்னெஸ்ட்.

கைதட்டல் அடங்குவதற்குள் நவமணி எழும்பிவிட்டார். சபையைப் பார்த்து அல்ல, நேராகக் கடைசி வரிசையைப் பார்த்து நின்றார்.

"எனக்கு வரலாற்றுக் கேள்வி இல்லை. சண்முகநாதன் அண்ணையிட்டை ஒரு கேள்வி. எண்பத்தைஞ்சிலை இவரும் நீங்களும் ஒண்டாப் போனனீங்கள். இவரைப் பொலிஸ் பிடிக்கேக்கை நீங்கள் எங்கை? ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்?"

சனம் கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது. ஜெயசுதன் "ரீச்சர்..." என்று அரைவாசியில் நின்றார். ஏர்னெஸ்ட் சண்முகநாதனைப் பார்த்தார். இனி அவன் சொல்லிவிடுவான், பொலிஸ் என்று ஒன்றை நான் காணவே இல்லை என்று சொல்லிவிடுவான், முடிந்தது.

சண்முகநாதன் எழும்பினார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் தங்கச்சி. விட்டிட்டுப் போனது நான்தான்," என்றார். "இவன் தண்ணி விடாய் எண்டான். சோடா வாங்கப் போனன். எனக்கு அந்தக் காசு விளங்கேல்லை, கடைக்காரனோடை நிண்டு மினைக்கெட்டுப்போனன். திரும்பி வர ஆள் இல்லை, என்ரை பெட்டி மட்டும் தூணோடை கிடக்குது. சிவில் உடுப்பிலை பொலிஸ் இடைக்கிடை வந்து பாக்கிறதெண்டு பிறகுதான் அறிஞ்சன். மூண்டு நாள் அந்த ரெயில் மேடையிலையே வந்து நிண்டனான். பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா இவனையும் இழுத்துக்கொண்டு போயிருப்பன். இண்டைக்கு உங்களிட்டை மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்." இரண்டு கையையும் கூப்பினார். அறுபது தாண்டிய மனிதர், முப்பது பேருக்கு முன்னால்.

நவமணி அதை எதிர்பார்க்கவில்லை போலும். கோபம் பாதியில் நின்றுவிட்டது. "சரி, அண்ணை. இருங்கோ," என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சொல் பேசாமல் நின்றால் ஏர்னெஸ்டின் பெயருக்கும் பழுதில்லை, வீட்டுக்கும் பழுதில்லை, சண்முகநாதனும் பாரம் இறக்கிவிட்டவனாகப் பேர்லினுக்குப் போய்விடுவான். நாற்பது வருடம் பேசாமல் இருந்த மனிதருக்கு இன்னும் ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பது பெரிய வேலையா? ஆனால் அந்தக் கூப்பிய கையைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை. வெண்கட்டியை எடுத்தார்.

"நான் இன்னும் முடிக்கேல்லை," என்றார். ரஷ்யாவின் கட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம் போட்டார். "இது பேர்லின். இதையும் நாலாப் பிரிச்சவங்கள். ரஷ்யாவும் கிழக்கு ஜேர்மனியும் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவிலை இருக்கிற கோடு நாட்டின்ரை எல்லை எண்டு சொல்லி மதில் கட்டினவை. மற்ற மூண்டு பேரும் ஒத்துக்கொள்ளேல்லை. இது நாலு பேரும் சேர்ந்து ஆளுற ஒரே நகரம், இதுக்குள்ளை எல்லை இல்லை எண்டு நிண்டவை. தங்கடை பக்கத்திலை பாஸ்போட் பாக்கிற ஒருத்தனை நிப்பாட்டினா, அது எல்லைதான் எண்டு தாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிப்போகும். அதாலை ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை. அவையின்ரை பிணக்கிலைதான் எங்கடை பொடியள் ஆயிரக்கணக்கிலை உயிர் தப்பினவங்கள். அந்த மேடையிலை அண்டைக்குப் பொலிஸ் இல்லை, நவம். சிவில் உடுப்பிலையும் இல்லை. என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை."

வெண்கட்டி கையில் உடைந்தது.

"பாஸ்போட்டிலை முத்திரை இல்லையெண்டு நான் பயந்துபோனன். முத்திரை கேக்க நானே ரெயில் ஏறித் திரும்பிப் போனன். இவன் என்னை விட்டிட்டுப் போகேல்லை. நான்தான் இவனை விட்டிட்டு வந்தனான். வெக்கத்திலை பொய் சொன்னன்."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நவமணி கைப்பையின் வாரைப் பிடித்தபடி கணவனைப் பார்த்தார். முப்பத்து நாலு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை ஏர்னெஸ்ட் கண்டதில்லை. யாரோ அறியாத ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு அவர் மெல்லக் கதிரையில் இருந்தார்.

சண்முகநாதன் கதிரைகளுக்கு நடுவால் நடந்து முன்னுக்கு வந்தார். அடிக்கப் போகிறான் என்று ஏர்னெஸ்ட் நினைத்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார். சண்முகநாதன் கிட்ட வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"முத்திரைக்கோ?" என்றார்.

"ஓம்."

"என்னட்டைச் சொல்லாட்டிலும் பரவாயில்லை. நான் அங்கை வேலை, பிள்ளையள் எண்டு ஓடித் திரிஞ்சிட்டன்." கழற்றிய கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "அம்மா எழுதின ஒவ்வொரு கடிதத்திலையும் ஒரே கேள்விதான். கூடப்போன பிள்ளையை ஏன் தம்பி விட்டிட்டுப் போனனி, உன்னை நான் அப்பிடியோ வளத்தனான் எண்டு. ஓம் அம்மா, பிழை விட்டிட்டன் எண்டு நானும் எழுதுவன். நாலு வருசம். பிறகு கடிதம் வரேல்லை. செத்துப்போனா எண்டு தந்திதான் வந்தது."

ஏர்னெஸ்ட் உடைந்த வெண்கட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அவவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஏர்னெஸ்ட்," என்றார் சண்முகநாதன். "அம்மா பேர்லினிலையோ இருந்தவ? உன்ரை வீட்டுக்குப் பின் ஒழுங்கையிலைதானே இருந்தவ."